மூன்று நாள் பேதி, மூன்று வருட வலி



செக்ரோல் எழுதுகிற கை யாருடைய வயிற்றையும் பார்த்து எழுதுவதில்லை. பெரட்டுக்கு வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு கோடு. கிராணி உத்தியோகத்துக்கு வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் கோடுகள் போட்டிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை. அவற்றுள் மூன்று கோடுகளைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், இன்னும் நிரையில் நிற்பவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். மூன்றாண்டுகளுக்கு முன் கிள்ளானில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. தோட்டத்திலிருந்து இரண்டு வேன் பிடித்துப் போனோம். கோழிப் பிரட்டலும் முட்டைச் சம்பாலும் நெய்ச்சோறும். காலையிலேயே சமைத்து இறக்கியது, இரவு எட்டரைக்குப் பந்தியில் வந்தது. நான் கணக்கு முடித்துவிட்டுக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன், கோழி தீர்ந்துவிட்டது. பருப்பும் சோறும்தான் கிடைத்தன. இவ்வளவு தூரம் வந்து இதுதானா என்று மனதுக்குள் முணுமுணுத்தபடியே சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு மாலையிலேயே லயத்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்க ஆரம்பித்தது. காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, பேதி. வேனில் போனவர்களில் பாதிப் பேருக்குமேல் படுத்துவிட்டார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அண்ணன் பெரட்டுக்கு வரவில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை. கட்டஞ்சாயாவும் உப்புப்போட்ட கஞ்சியும் குடித்துப் படுத்திருந்தார். வியாழன் வந்துவிட்டார். எம்.சி. சீட்டு இல்லை. ஆகவே நான் கோடு போட்டேன், மூன்று நாள் சம்பளம் போயிற்று. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்ட சாப்பாடு, மூன்று நாள் கஷ்டம், அத்தோடு முடிந்தது என்று தோட்டமே அதை மறந்துவிட்டது.

முடியவில்லை, தோழர்களே. மூன்று வாரம் கழித்து அவருடைய வலது முழங்கால் வீங்கியது. பிறகு கணுக்கால். பிறகு உளி பிடிக்கிற கையின் மணிக்கட்டு. பனியில் நின்றதால் வந்த வாதம் என்றார்கள். கிள்ளானில் சீன வைத்தியரிடம் பற்றுப் போட்டார். கண் சிவந்தது, கண்நோய் என்று சொட்டுமருந்து விட்டார். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உடம்புச் சூடு என்று தானே முடிவு கட்டி இளநீர் குடித்தார். ஒரே நோயை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு மாதம் இப்படியே போனது. அதற்குப் பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டு வைத்தியம் பார்க்கும் ஓர் இளம் பெண் டாக்டர் அவரிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: “இந்த வீக்கம் வருவதற்கு முன்னால் உங்களுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?”

இல்லை என்றார் அண்ணன். பக்கத்தில் இருந்த அண்ணிதான், “ஏங்க, அந்தக் கல்யாணம்?” என்று நினைவூட்டினார். எந்தத் தேதி, எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸ் சன்னலுக்கு வந்து நின்றார். “கிராணி தம்பி, கிள்ளான் கல்யாணத்துக்கு அப்புறம் நான் எத்தனை நாள் வேலைக்கு வரலே? பாத்துச் சொல்லு.”

செக்ரோலைப் புரட்டினேன். மூன்று கோடுகள். அவர் உடம்புக்கு நேர்ந்ததற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி, அவர் சம்பளத்தை வெட்டுவதற்காக நான் போட்ட அந்த மூன்று கோடுகள்தாம்.

இந்தச் சங்கதியை அன்றுமுதல் தேடித்தேடிப் படித்து வருகிறேன். நான் வைத்தியன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் படித்துக் கணக்கு எழுதப் பழகியவன். ஆனாலும் புரிந்துகொண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கெட்ட உணவிலே இரண்டு வகை உண்டு. ஒன்று, கிருமி உணவிலேயே நஞ்சைக் கக்கிவைத்துவிடுவது. நேற்றைய சோற்றிலே வளரும் பாசிலஸ், சமைப்பவர் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். பெரும்பாலும் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். இந்த நஞ்சு சூட்டுக்கு அசைந்துகொடுப்பதில்லை என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டும். மறுபடி கொதிக்கவைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்பது இங்கே செல்லாது.

இன்னொரு வகை, கிருமியே உயிரோடு குடலுக்குள் குடியேறுவது. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கம்பைலோபாக்டர், ஈ.கோலையின் சில கொடிய இனங்கள். இவைதாம் போன பிறகும் வடு வைத்துவிட்டுப் போகிறவை.

அண்ணனுக்கு வந்தது இந்த இரண்டாம் வகையின் எதிர்வினை மூட்டுவாதம். கிருமி மூட்டுக்குள் போய்ச் சீழ் வைப்பதில்லை. கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவற்படை, அது போன பிறகும் அடங்காமல் மூட்டையும் கண்ணையும் மூத்திரப் பாதையையும் தாக்குகிறது. பேதி நின்ற ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் தொடங்கும். எல்லாருக்கும் வராது, நூறு பேரில் சிலருக்கே வரும். அவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தேறிவிடுவார்கள். பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அடையாளக்கூறு உள்ளவர்களுக்கு வலி நீடிக்கும், திரும்பத் திரும்ப வரும். நம் அண்ணனுக்கு அந்த அடையாளம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது.

ஓர் ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு முழங்கால் வலித்தால் நாற்காலியில் காலை நீட்டிக்கொள்ளலாம். பால் வெட்டுகிறவர் அடிவெட்டுக்குக் குந்தி எழ வேண்டும். மேடும் பள்ளமுமான நிரையில் வாளி தூக்கி நடக்க வேண்டும். மணிக்கட்டு அசையாவிட்டால் பட்டை ஆழமாக வெட்டுப்பட்டு மரம் காயமாகும், தண்டல் திட்டுவார். நமக்கு மூட்டுதான் முதல். அந்த முதலை ஒரு வேளைச் சாப்பாடு தின்றுவிட்டது என்றால் அதை வெறும் வயிற்றுக்கோளாறு என்று எப்படித் தள்ளுவது?

மூட்டோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. கம்பைலோபாக்டர் என்பது கோழியின் குடலில் சாதாரணமாக வாழும் கிருமி. அதன் மேல்தோலில் உள்ள ஒரு பொருள், மனித நரம்பின் மேலுறையில் உள்ள ஒரு பொருளைப் போலவே இருக்கிறது. கிருமியைப் பிடிக்கப் போன காவலர் முகச்சாயலில் ஏமாந்து நரம்பைப் பிடித்து அடிக்கிறார்கள். பேதி நின்று ஒன்று முதல் மூன்று வாரத்தில் பாதம் மரத்துப் போகும். பலவீனம் காலிலிருந்து மேலே ஏறும். சிலருக்கு மூச்சு விடும் தசை வரைக்கும் வந்து இயந்திரத்தில் வைக்க வேண்டியிருக்கும். கீய்யன்-பாரே நோய் என்று பெயர். கம்பைலோபாக்டர் கண்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. 2025 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தியாவின் பூனா நகரத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் உட்பட இருநூறு பேருக்குமேல் இந்த நோய் கண்டது. சிலருடைய மலத்தில் இதே கிருமி இருந்தது. அசுத்தமான தண்ணீர்மேல் சந்தேகம் விழுந்தது. கால் மரத்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்த நீரை மாற்றும் சிகிச்சையும், எதிர்ப்புப் புரதத்தை ஊசிவழி ஏற்றும் சிகிச்சையும் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்கின்றன.

குடலே நிரந்தரமாக முரண்டு பிடிப்பதும் உண்டு. இப்படிக் கிருமிப் பேதி கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வயிற்று இழுப்பும் நேரங்கெட்ட வெளிப்போக்கும் தொடர்கின்றன. இதனால் உயிர் போகாது. ஆனால் நிரையின் நடுவிலே, கக்கூசு அரை மைல் தொலைவில் இருக்க, ஒரு பெண் தொழிலாளிக்கு இந்த நோய் என்னென்ன செய்யும் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்காமார்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் கொடியது சிறுநீரகத்தைத் தாக்குவது. அதற்கு இரண்டு ஊர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் சாக்காய் என்று ஒரு நகரம். 1996 ஜூலையில் அங்கே ஆரம்பப் பள்ளிகளில் கொடுத்த மதிய உணவால் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓ157 என்னும் ஈ.கோலைக் கிருமிக்கு ஆளானார்கள். முள்ளங்கி முளைமேல் சந்தேகம் போயிற்று. மூன்று சிறுமிகள் இறந்தார்கள். இந்தக் கிருமியின் நஞ்சு இரத்த அணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அன்று முதலாம் வகுப்பிலே படித்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஆபத்தைக் கடந்து பிழைத்தாள். வளர்ந்தாள். ஆனால் சிறுநீரக இரத்தக் குழாயில் பட்ட சேதத்தால் இரத்த அழுத்தம் அவளைத் தொடர்ந்து வந்தது. 2015 அக்டோபரில், அவளுடைய 25-ஆம் வயதில், மூளையில் இரத்தம் கசிந்து இறந்தாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சாப்பிட்ட பள்ளிச் சாப்பாட்டின் பின்விளைவே இந்த மரணம் என்று சாக்காய் நகராட்சி 2016-இல் அறிவித்தது. நான்காவது சாவு என்று கணக்கிலும் சேர்த்தது. பத்தொன்பது வருடத்துக்கு ஒரு நகராட்சி தன் ஏட்டை மூடாமல் வைத்திருந்ததே, அதை ஒரு கிராணியாக நான் எழுந்து நின்று வணங்குகிறேன்.

மற்றொரு ஊர் கனடாவின் வாக்கர்ட்டன். ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணம் கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. அதே ஓ157, கூடவே கம்பைலோபாக்டர். 2,300 பேர் படுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த விஷயம் என் தூக்கத்தைக் கெடுத்தது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று அன்றாடம் அளந்து எழுத வேண்டியவர்கள் அளக்காமலே, அளந்ததாகப் புத்தகத்தில் எழுதிவந்திருக்கிறார்கள். ஏட்டுப் பொய் எத்தனை பேரைக் கொல்லும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

அந்த ஊர் மக்களை வைத்தியர்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் கூப்பிட்டுச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அன்று கடுமையாகப் பேதி கண்டவர்களுக்கு, காணாதவர்களைவிட, உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதல்; இதய நோயும் பக்கவாதமும் ஏறக்குறைய இரு மடங்கு; சிறுநீரகம் பழுதாவது மூன்று மடங்குக்கும் மேல். நம் நாட்டில் டயாலிசிஸ் இயந்திரத்தில் கிடப்பவர்களில் பலர் இனிப்புநீரால் அங்கே போனவர்கள்தாம். அதை மறைத்து எல்லாவற்றுக்கும் கெட்ட சாப்பாடுதான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் இனிப்புநீரும் அழுத்தமும் ஏற்கெனவே உள்ள ஓர் உடம்பின்மேல் இதுவும் ஏறினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? 2013 அக்டோபரில் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ஒரு கல்யாண விருந்துக் கோழி நான்கு உயிரைக் குடித்தது. 2018-இல் பாலிங்கில் லக்சா சாப்பிட்டு இருவர் இறந்தனர். இரண்டிலும் சால்மொனெல்லா. 2024 ஜூனில், தூரத்தில் அல்ல, நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, கோம்பாக்கில் ஒரு சமயப் பள்ளி நிகழ்ச்சியில் கொடுத்த உணவால் எண்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஒரு பதின்ம வயதுப் பெண்ணும் ஒரு சிறு குழந்தையும் இறந்தார்கள். மந்திரி பேசினார், பத்திரிகைகள் எழுதின. இறந்தவர்களுக்காக அழுதோம், அது நியாயம். பிழைத்தவர்களை ஆறு மாதம் கழித்து யாராவது கூப்பிட்டு இரத்த அழுத்தம் பார்த்தார்களா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா என்பதே என் கேள்வி. வாக்கர்ட்டனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

இதே கிள்ளானில்தான் 1901-இல் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க வைத்தியர் வந்து இறங்கினார். மலேரியாக் காய்ச்சலில் ஊரே சுருண்டு கிடந்தது. கொய்னா கொடுப்பதோடு நில்லாமல் சதுப்பை வடித்து, காண் வெட்டி, கொசு பிறக்கும் இடத்தை அழித்தார். பிறகு அந்த முறையைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார். காண் வெட்டிய கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு, அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது வேறு கதை. அன்றைய காணுக்குச் சமமாக இன்று நாம் வெட்ட வேண்டியது எது? விருந்துச் சமையலின் நேரக் கணக்கு என்று நான் சொல்வேன்.

சமைத்த உணவு 60 டிகிரி சூட்டுக்குக் கீழே இறங்கி, 5 டிகிரி குளிருக்கு மேலே கிடக்கும் நேரமெல்லாம் கிருமிக்குத் திருவிழா. நம் நாட்டு வெக்கையில் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டும். கிராணி கணக்கு, சரிபார்த்துக்கொள்ளலாம். காலை பத்துக்கு இறக்கிய கோழி இரவு எட்டரைக்குப் பந்திக்கு வந்தால் அது எத்தனை இரட்டிப்பு? நான்கு மணி நேரம் வெளியில் கிடந்த உணவை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும் என்பதே சுகாதாரக்காரர்கள் சொல்லும் விதி. விடியற்காலை நான்கு மணிக்குச் சோறு வடித்துத் தேங்காய்ப்பால் குழம்போடு தூக்குச்சட்டியில் கட்டி, பத்தரைக்கு மரத்தடியில் பசியாறுகிற நம் பழக்கத்தையும் இந்தக் கணக்கிலே வைத்துப் பாருங்கள். வேறு வழியில்லாத பழக்கம் அது. ஆனால் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க மூடிவைக்கும் பிளாஸ்க் ஒன்று வாங்கலாம். தேங்காய்ப்பாலுக்குப் பதில் புளிக்குழம்பு கட்டலாம். நம் பாட்டிமார் வெளியூர்ப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியது ருசிக்கு மட்டுமா?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். விருந்து கெட்டுப்போனால் உடனே சமையற்காரரைப் பிடித்து அடிக்கப் போகிறோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கடைக்கு உள்ளே சென்று பாருங்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்பவரும் நம்மைப் போன்ற கூலிக்காரரே. இந்தியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர். பேதியோடும் வேலைக்கு வருகிறார், ஏனென்றால் வராவிட்டால் சம்பளம் இல்லை. நியூயார்க் நகரத்தில் மேரி மெலன் என்ற அயர்லாந்துக்காரச் சமையற்காரி இருந்தாள். டைபாய்டுக் கிருமி அவள் உடம்பில் குடியிருந்தது. அவளுக்கோ நோயே தெரியவில்லை. டைபாய்டு கண்டு தேறியவர்களில் நூற்றுக்குச் சிலர் இப்படிப் பித்தப்பையில் கிருமியை நெடுங்காலம் சுமப்பார்கள். 1907-இல் பிடித்து ஒரு தீவிலே தனியே வைத்தார்கள். 1910-இல், சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. சமையலைவிடச் சம்பளம் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனாள். 1915-இல் மறுபடி பிடித்தார்கள், 1938-இல் இறக்கும்வரை தீவிலேயே வைத்தார்கள். அவள் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சமையல் வேலையின் சம்பளத்தை யாராவது அவளுக்கு ஈடுகட்டியிருந்தால் அவள் பெயரை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பாளா?

நம் நாட்டு 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவைக் கையாளுகிற ஒவ்வொருவரும் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த ஊசி டைபாய்டை மட்டுமே தடுக்கும். சால்மொனெல்லாவின் மற்ற இனங்களுக்கும் கம்பைலோபாக்டருக்கும் அதனிடம் பதில் இல்லை. ஊசிச் சீட்டைச் சுவரில் மாட்டிவிட்டால் கடை சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. சீட்டைவிட, பேதி கண்ட சமையலாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பதே நம் வயிற்றைக் காக்கும்.

லீவு என்றதும் நம் விஷயத்துக்கு வருகிறேன். 1955-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள், 2023 ஜனவரி முதல் தனிக்கணக்கு. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நம் அண்ணனுக்கு இருபத்திரண்டு நாள் உரிமை இருந்தது. ஒரு நாளைக்கூட அவர் எடுக்கவில்லை. பேதிக்கெல்லாமா கிளினிக் என்று நினைத்தார். நாங்கள் சங்கத்துக்காரர்களும் சொல்லித்தரவில்லை.

கிளினிக்குக்குப் போனால் லீவு மட்டுமல்ல. உணவு நஞ்சு என்று சந்தேகித்தால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். அவர்கள் வந்தால் மிச்ச உணவையும் மலத்தையும் எடுத்துச் சோதிப்பார்கள். எந்தக் கிருமி என்று ஒரு காகிதத்தில் பெயர் ஏறும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அத்தனை பேர் படுத்தும் ஒருவரும் அறிவிக்கவில்லை. கல்யாண வீட்டாருக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று லயமே வாயை மூடிக்கொண்டது. அந்தப் பெருந்தன்மைக்கு அண்ணனின் முழங்கால் விலை கொடுத்தது. என்ன கிருமி என்று இன்றுவரை எழுத்தில் இல்லை. “குடல் கிருமித் தொற்றுக்குப் பின் வந்ததாக இருக்கலாம்” என்றுதான் டாக்டரால் எழுத முடிந்தது. இந்த ‘லாம்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் மூன்று முறை கடிதத்தைத் திருப்பி அனுப்பியது.

ஆகையால் விருந்துச் சாப்பாட்டால் பலர் ஒன்றாகப் படுத்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். ‘கெராச்சுனான் மக்கானான்’ என்று எழுதிய சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். இரத்தம் கலந்த பேதி என்றால் மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பழைய ஆன்டிபயோடிக் மாத்திரையையும் தொடாதீர்கள். ஓ157 போன்ற கிருமியாக இருந்தால் அவை சிறுநீரகத்துக்கு ஆபத்தைக் கூட்டக்கூடும். குழந்தைக்குப் பேதி கண்ட ஒரு வாரத்தில் முகம் வெளிறி, மூத்திரம் குறைந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். ஆறு மாதம் கழித்தும், பிறகு ஆண்டுக்கு ஒரு தரமும், அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் மூத்திரமும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எந்த நோய்க்காக டாக்டரிடம் போனாலும், கேட்காவிட்டாலும், “எனக்கு இன்ன மாதம் இப்படிப் பேதி வந்தது” என்று சொல்லுங்கள்.

நிலைமை முற்றி, வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் நிரந்தரமாகப் போனவர்களுக்கு, இப்போது பெர்கேசோ என்று அழைக்கப்படும் சொக்சோவில் இயலாமைப் பென்சன் இருக்கிறது. 60 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருக்க வேண்டும். வேலை நேரத்தில் வந்த நோயாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 2024 ஜூலை முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது உண்டு. பக்கத்து லயத்து வங்காளத் தோழரிடமும் இதைச் சொல்லுங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மிஞ்சிய தோட்டங்களில் முன்பிருந்த தோட்ட ஆஸ்பத்திரியும் இல்லை, வீடு வீடாக வந்து பார்த்த டிரசரும் இல்லை. ஆகவே சில பொறுப்புகளைக் கிளைச் சங்கமே ஏற்க வேண்டியிருக்கிறது. வரும் மாதக் கூட்டத்துக்கு நான் இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். பலர் ஒன்றாக நோய்ப்பட்ட நாள்களில் சீட்டு இல்லாவிட்டாலும் செக்ரோலில் வெறும் கோடு போடாமல் ‘நோய்’ என்று குறிக்க நிர்வாகம் இணங்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று நமக்கே. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் காலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தை மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணனுக்கு இலகுவான வேலை கேட்டு நான்காம் முறையாக மனு கொடுத்திருக்கிறோம். பால் நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்து டிக்கெட் எழுதும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. டாக்டர் கடிதத்தோடு இணைப்பாக வைக்கச் செக்ரோல் பக்கத்தை நகல் எடுத்து, அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இன்று காலை பெரட்டில் அவர் நொண்டியபடியே வந்து நின்றார். வந்தவர் என்று குறி போட்டேன்.